அசோக் குமாரின் மழை

எங்கள் மேல் வீட்டு வித்யாலட்சுமி வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தால் ஏதோ பேங்குக்குப் போகிறவள் மாதிரிதான் இருக்கும். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, தோளில் கறுப்புப் பை, கழுத்தில் அலுவலக அட்டை. திருப்பத்தூர்க்காரி. கல்யாணமாகி நேராக லிங்கராஜபுரத்துக்கு வந்தவள். என்ன வேலை என்று கேட்டால், "கம்ப்யூட்டர்ல போலி தேடுற வேல, அக்கா," என்பாள். அதற்கு மேல் சொல்ல மாட்டாள். சொல்லக் கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

நாகவாரா பக்கம் அவளுடைய அலுவலகம். பெரிய கம்பெனிகள் தங்கள் சரக்கை இணையத்தில் யாராவது திருட்டுத்தனமாகப் போட்டிருக்கிறார்களா என்று பார்க்க அந்த அலுவலகத்தை அமர்த்தியிருந்தன. போலி ஷாம்பு விற்கிற பக்கம், படம் வெளியான அன்றைக்கே அதை ஏற்றிவிடுகிற தளம், காசு கட்டிப் பார்க்க வேண்டிய மேட்சை இலவசமாகக் காட்டுகிற ஆப். வித்யா தேடிக் கண்டுபிடிப்பாள். சாட்சிக்குத் திரையைப் பதிவு செய்வாள். தளத்துக்காரர்களுக்கு எழுதி அதை எடுக்க வைப்பாள். விஷயம் பெரிதாக இருந்தால் கம்பெனி கோர்ட்டுக்குப் போகும்.

அப்படிப் போகும்போது ஒரு சிக்கல். திருடியவன் யார் என்று தெரியாது. ஆனாலும் வழக்கில் எதிராளி என்று ஒரு பெயர் வேண்டும். நம் நாட்டுக் கோர்ட்டுகளில் பெயர் தெரியாதவனுக்கு அசோக் குமார் என்று பெயர் போடுகிற வழக்கம் ஒன்று இருக்கிறதாம். அதனால் அவர்கள் அலுவலகத்தில் முகம் தெரியாத எல்லோரும் அசோக் குமார்தான். காலையில் காபி மெஷின் பக்கம் நின்றுகொண்டு, "இன்னிக்கி எந்த அசோக் குமார், அக்கா?" என்று பக்கத்து சீட்டு தினேஷ் கேட்பான். அவளும் சிரித்துக்கொண்டே ஏதாவது சொல்வாள். வேலையில் கெட்டிக்காரி. பாவம், பரிதாபம் என்றெல்லாம் அவளுக்குத் தோன்றியதில்லை. முகமே இல்லாத ஆள் மேல் என்ன பரிதாபம்?

அவளுடைய கணவன் ஹரிஷ் ஸ்ரீராம்புரத்தில் பிறந்து வளர்ந்தவன். கம்மனஹள்ளியில் மாடுலர் கிச்சன் செய்து தருகிற கடையில் வேலை. வீடு வீடாகப் போய்ச் சமையலறையை அளந்து வந்து, கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் எழுப்பிக் காட்டுவான். அதிகம் பேசாத ஆள். மாடிப்படியில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி நின்று வழிவிட்டு, "சாப்டாச்சா அக்கா?" என்று கேட்டுவிட்டுப் போவான். அவ்வளவுதான்.

காலையில் வித்யா சமைக்கிற நேரத்தில் அவன் கூடத்து மேசையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பான். ஏதோ விளையாட்டை வைத்து நோண்டிக்கொண்டிருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். என்ன விளையாட்டு என்று அவள் கேட்டதில்லை. அவளுடைய கம்பெனிகள் யார் யார் என்று அவனும் கேட்டதில்லை. ஒருவர் வேலையில் இன்னொருவர் தலையிடாமல் இருப்பது நல்ல குடும்பத்துக்கு அழகு என்று இருவருமே நினைத்திருந்தார்கள்.

அன்றைக்கு அலுவலகத்தில் அவளுடைய மேலதிகாரி மமதா அவளைக் கூப்பிட்டாள். மமதா தும்கூர் பக்கத்துக் கன்னடக்காரி. வித்யாவிடம் தனக்குத் தெரிந்த தமிழில், கன்னடம் கலந்துதான் பேசுவாள்.

"வித்யா, ஹொஸா கிளையண்ட், புதுசு. வெளிநாட்டு கேம் கம்பெனி. ஒரு மாட் மேல கம்ப்ளெயிண்ட். நீயே பாரு. அர்ஜெண்ட்டு."

மாட் என்றால் என்ன என்று வித்யாதான் எனக்கு விளக்கினாள். ஒரு விளையாட்டை வாங்குகிற ரசிகர்கள் சிலர் சும்மா விளையாடுவதோடு நிற்பதில்லை. அதற்குள் போய்ப் புதுத் தெரு போடுவார்கள், வண்டியை மாற்றுவார்கள், புது ஆட்களைச் சேர்ப்பார்கள். அந்த மாற்றத்தை இணையத்தில் ஏற்றினால் மற்றவர்களும் இறக்கிக்கொண்டு விளையாடலாம். கம்பெனிகள் பாதி நேரம் கண்டுகொள்ளாது. சில கம்பெனிகள் அதற்கான கருவியையே கொடுக்கும். ஆனால் எல்லை தாண்டினால் விடாது.

இந்த மாட் எல்லை தாண்டியிருந்தது. அந்த விளையாட்டில் ஒரு நகரம் இருக்கிறது; அதில் நடக்கலாம், வண்டி ஓட்டலாம். முதலில் வந்த விளையாட்டில் மழை கிடையாது. மழையும் வெள்ளமும் பின்னால் தனியாக விலைக்கு வந்த ஒரு கூடுதல் பகுதியில்தான் இருந்தன. மாட் செய்தவன் அந்த மழையின் கோப்புகளை அப்படியே எடுத்துத் தன் மாட்டுக்குள் வைத்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்துவிட்டான். போதாததற்குப் பக்கத்தின் அடியில், பிடித்திருந்தால் டீ வாங்கிக் கொடுங்கள் என்று நன்கொடைக்கு ஒரு பொத்தானும் வைத்திருந்தான். ஆயிரக்கணக்கில் இறக்கியிருந்தார்கள். செய்தவன் பெயர் என்று இருந்தது ஒரே சொல்: மேஸ்திரி.

மாட்டின் பெயர், நம்ம ஸ்ரீராம்புரம்.

பெயரைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு புன்னகை வந்ததாம். வீட்டுக்காரர் ஏரியா ஆச்சே, யாரோ அந்தப் பக்கத்துப் பையன் போல என்று நினைத்தாள். வீட்டில் சொன்னால் ரசிப்பார், ஆனால் சொல்ல முடியாதே என்றும் நினைத்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பதிவைத் தொடங்கி, உள்ளே போனாள்.

மெட்ரோ தூண்கள் வந்தன. தூணுக்குக் கீழே நெருக்கி நிறுத்திய ஆட்டோக்கள். அவற்றைத் தாண்டி ஒரு சந்து. இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி வீடுகள், வாசலில் நீல டிரம்கள், குறுக்கே துணிக் கொடி. யாரோ கன்னடத்தில் காய் கூவினார்கள். ஒரு வீட்டிலிருந்து தமிழில் பதில் வந்தது. பிறகு மழை பிடித்தது. தகரக் கூரையில் விழுகிற சத்தம் தனியாகவும் சிமெண்ட் தரையில் விழுகிற சத்தம் தனியாகவும் காதில் விழுந்தது. நன்றாகத்தான் செய்திருக்கிறான் என்று எண்ணிக்கொண்டே ஒரு வீட்டு ஜன்னல் பக்கம் போனாள். ஜன்னலுக்குள் ஒரு பெண்ணின் நிழல். பக்கத்தில் போனதும் அந்தப் பெண் பேசினாள்.

"குடைய எடுத்துக்கினு போங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது? நனைஞ்சிக்கினு வந்தா நான் தல தொவட்டி விடமாட்டேன், ஆமா."

வித்யாவின் கை மவுஸ் மேலேயே நின்றுவிட்டது.

தன் குரலை வெளியிலிருந்து கேட்டால் யாருக்கும் சட்டென்று அடையாளம் தெரியாது. ஏதோ தெரிந்த குரல் என்றுதான் அவளுக்கும் முதலில் பட்டது. அம்மா குரலோ, அத்தை குரலோ என்று. மறுபடி ஜன்னல் பக்கம் போனாள்.

"கதவ மெதுவா சாத்துங்க. கீழ வீட்டுல கொழந்த தூங்குது."

கீழ் வீட்டுக் குழந்தை என்றால் என் மகள்தான். மூன்றாம் தடவை போனபோது பேச்சே இல்லை, ஒரு சிரிப்பு மட்டும். மூச்சு விடாமல், முடிவில் ஒரு விக்கலோடு. அந்தச் சிரிப்பைத் தவிர அவளுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே அந்த விக்கலுக்காகக் கேலி பேசப்பட்டவள் அவள்.

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். தினேஷ் திரும்பிப் பார்த்தான்.

"என்னக்கா, மூஞ்சி வெளுத்துப் போச்சு? ஏதாவது கண்றாவி வீடியோவா?"

அவள் பதில் சொல்வதற்குள் ஹெட்போனை எடுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டான். ஜன்னல் பெண் அவனிடமும் பேசினாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"செமக்கா! எங்க பெரியம்மா இப்டித்தான் கத்தும். யாரோ ஆன்ட்டிய புடிச்சி சூப்பரா பேச வெச்சிருக்கான்."

அவள் எழுந்து அவசரப் படிக்கட்டுக்குப் போனாள். அங்கே ஆள் இல்லை. ஹரிஷுக்கு ஃபோன் போட்டாள்.

"சொல்லு வித்யா, அளவெடுத்துக்கினு இருக்கேன்."

"மேஸ்திரின்றது யாரு?"

அந்தப் பக்கம் அளவு டேப் சுருண்டு உள்ளே போகிற சத்தம் கேட்டது.

"உனுக்கு யாரு சொன்னது?" என்றான் கடைசியில்.

அவள் வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்பது உறைத்தது. விசாரணையில் இருக்கிற ஆளுக்கு, அலுவலகத்துக்குள்ளிருந்தே, வேலை நேரத்தில் எச்சரிக்கை கொடுத்திருக்கிறாள். இனி அவன் ஒரு கோப்பை அழித்தாலும் சாட்சியை அழித்ததாகும். அழிக்கச் சொன்னவள் இவள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வேலையில் சேர்ந்த அன்றைக்குச் சொல்லிக்கொடுத்த முதல் விதியே அதுதான். முன்கூட்டித் தெரிவிக்கக் கூடாது. அவளே புதியவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

"அந்தப் படிக்கட்டுலேயே ஒக்காந்துட்டேன்கா," என்றாள் என்னிடம். "அவரக் காப்பாத்தணுமா, என்னக் காப்பாத்திக்கணுமான்னு கூட யோசிக்க வரல. என் சிரிப்பு எப்டி அங்க போச்சுன்றதே தலைக்குள்ள சுத்திக்கினு இருந்துச்சு."

எழுந்து நேராக மமதாவின் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தினாள்.

"மமதா, இந்தக் கேஸ்ல நான் இருக்கக் கூடாது."

"யாக்கே? ஏனாயித்து? என்ன ஆச்சு?"

"அந்த அசோக் குமார் எங்க வீட்டுக்காரர்."

மமதா முதலில் சிரித்தாள். வித்யாவின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது. வித்யா மமதாவின் கம்ப்யூட்டரில் அந்த மாட்டைத் திறந்து ஜன்னல் பெண்ணைப் பேச வைத்தாள். மமதா கேட்டாள். வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

"இது நீனா?"

"நான்தான்."

"உனக்குத் தெரியாமயா?"

"தெரியாது."

மமதா எழுந்து கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள். "வித்யா, நிஜம் சொல்லு. அவருக்கு ஃபோன் மாடிட்டியா?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும். அவள் சொல்லவில்லை. "பண்ணிட்டேன்," என்றாள். மமதா கண்ணை மூடிக்கொண்டு, "அய்யோ தேவ்ரே," என்றாள். அலுவலக அட்டையை வாங்கி இழுப்பறையில் வைத்தாள். வீட்டுக்குப் போ, நாங்கள் கூப்பிடும்வரை வராதே என்றாள். வாசல் வரை கூடவே வந்தாள். போகிற வழியில் யாரும் எதுவும் கேட்காதபடி அவள் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தாளாம்.

வீட்டுக்கு வந்தபோது ஹரிஷ் அவளுக்கு முன்பே வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தான். திரையில் கோப்புகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு நீலமாக நின்றன. விரல் அழிக்கிற பொத்தானுக்குப் பக்கத்தில் இருந்தது.

"தொடாதீங்க!" என்று அவள் போட்ட சத்தம் கீழே எனக்கே கேட்டது. என்னவோ ஷாக் அடித்துவிட்டது என்று நினைத்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். கதவு திறந்தே கிடந்தது. இருவரும் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றிருந்தார்கள். நானும் போகத் தோன்றாமல் நின்றுவிட்டேன்.

"எடுத்துட்டா முடிஞ்சிரும்ல?" என்றான் ஹரிஷ். "இதுல என்னா பெரிய தப்பு? அந்த மழ நான் காசு குடுத்து வாங்குனது. என் கம்ப்யூட்டர்ல கீறது."

"நீங்க வாங்குனது வெளயாடறதுக்கு. ஊருக்கெல்லாம் எடுத்துக் குடுக்கறதுக்கு இல்ல."

"எல்லாரும் பண்றாங்க மா."

"எல்லாரையும் தேடறதுதான் என் வேல. அந்த டீ பட்டன் வெச்சீங்களே, அதுதான் இன்னும் மோசம். ஆசைக்குப் பண்ணேன்னு சொல்ல முடியாது இனிமே. கோர்ட்டு கேட்டா இன்டர்நெட்காரங்க உங்க பேர், விலாசம் எல்லாம் குடுத்தாகணும். நாளைக்கி அசோக் குமார்ன்ற பேர அடிச்சிட்டு ஹரிஷ்னு எழுதுவாங்க."

அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். கோர்ட் என்ற சொல் அவனுக்குள் அப்போதுதான் இறங்கியது போலிருந்தது. ஸ்ரீராம்புரத்தில் அவன் அப்பா இன்னும் இருக்கிறார். மாநகராட்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், போலீஸ் வாசல் மிதிக்காமல் காலம் தள்ளிவிட்டேன் என்று பெருமையாகச் சொல்பவர். அந்த ஞாபகம்தான் முதலில் வந்ததாகப் பின்னால் சொன்னான்.

"மழ இல்லாம அந்த சந்து சரியா வரல," என்றான். "நான் போட்ட மழ எல்லாம் பொம்ம மாதிரி இருந்துச்சு. அவங்களுது நிஜமா இருந்துச்சு. அதான் எடுத்துக்கினேன்."

"என் குரல்?"

அவன் நிமிரவில்லை.

"என் குரல எப்டி எடுத்தீங்க?"

"மைக்கு ஆன்லயே இருக்கும், காலைல. நீ சமையல் ரூம்ல இருந்து பேசறது எல்லாம் விழும். நல்லா இருந்துச்சு. வேற யாரையாச்சும் பேச வெச்சா அது வீடு மாதிரியே இல்ல வித்யா."

"என்னக் கேட்டீங்களா?"

அவன் மைக்கைத் திருப்பி வைத்தான்.

"கேட்டா நான் இல்லன்னா சொல்லப் போறேன்? ஆயிரம் பேரு என் சிரிப்பக் கேட்டுருக்காங்க. என் பக்கத்து சீட்டுப் பையன் கேட்டுட்டு யாரோ ஆன்ட்டின்னு சிரிக்கிறான். நான் பாத்துக்கினு நிக்கிறேன். கம்பெனிக்காரன் மழைய எடுத்தீங்க, அவனுக்கு வக்கீல் கீறான். என்ன எடுத்தீங்களே, நான் யாரு கிட்ட போறது?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் வெளுத்த முகத்தோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். உலகத்துக்கே தெரிந்த ஒரு தப்பு தனக்கு மட்டும் தெரியாமல் போய்விட்டது போல ஒரு பார்வை. நான் குழந்தையோடு கீழே இறங்கி வந்துவிட்டேன்.

ஹரிஷுக்குத் தெரிந்த ஒரே வக்கீல் ரக்ஷா. மல்லேஸ்வரத்தில் இருப்பவர். அவர் வீட்டுச் சமையலறையை அவன்தான் வரைந்து கொடுத்திருந்தான். மறுநாளே இருவரும் போனார்கள். ரக்ஷா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதலில் வித்யாவைப் பார்த்துச் சொன்னார், "நீங்க அழிக்க விடல்ல, அது ரொம்ப ஒள்ளேது, நல்லது." பிறகு ஹரிஷிடம் திரும்பினார்.

"ஹரிஷ் அவ்ரே, ஒளிய வேணாம். அவங்க உங்களக் கண்டுபிடிக்கிறதுக்கு முந்தி நாம எழுதலாம். நான்தான் மேஸ்திரி, நான் பண்ணினது தப்பு, மாட்ட அங்கேருந்து எடுத்தாச்சு, காப்பி ஒண்ணு வக்கீல் கிட்ட பத்திரமா இருக்கு, இனிமே பரப்ப மாட்டேன். நன்கொடை வந்தது அஷ்டும், எல்லாத்தையும் திருப்பி அனுப்பிடுங்க."

"மழைய எடுத்துட்டு வெறும் தெருவ மட்டும் மறுபடி போடலாமா மேடம்? தெரு நான் போட்டது. ஒவ்வொரு வீடா நடந்து போட்டோ புடிச்சி, நானே கட்னது."

ரக்ஷா கம்ப்யூட்டரில் ஏதோ தேடி, அந்தக் கம்பெனியின் நிபந்தனைகளைத் திறந்து, ஒரு பத்தியைச் சத்தமாகப் படித்தார். அவர்கள் கொடுத்த கருவியைக் கொண்டு யார் எதைக் கட்டினாலும் அதைப் பயன்படுத்தும் உரிமை கம்பெனிக்கு உண்டு, கட்டியவரைக் கேட்க வேண்டியதில்லை என்று அதில் இருந்தது. கருவியை இறக்கிய அன்று ஹரிஷ் கீழே சம்மதம் என்ற இடத்தைத் தட்டியிருக்கிறான். எல்லோரையும் போலப் படிக்காமல்.

"அப்டின்னா எங்க சந்து அவங்களுதா?" என்றான் ஹரிஷ். நம்ப முடியாமல் இரண்டு முறை கேட்டான்.

"சந்து அல்ல. நீங்க கட்டின பொம்மச் சந்து. இது செல்லாதுன்னு கோர்ட்ல வாதம் மாடலாம். ஆனா யாரு எதிரே, எத்தனை வருஷம், யோசிங்க."

கடிதம் போனது. பதில் வரும்வரை அந்த வீட்டில் மிக்ஸி ஓடுகிற சத்தம் தவிர வேறு சத்தம் எனக்குக் கேட்கவில்லை. வித்யா சமையலறையில் பேசுவதையே நிறுத்திவிட்டாள். ஹரிஷ் மைக்கைப் பிடுங்கி அட்டைப்பெட்டியில் போட்டு அலமாரி மேல் வைத்துவிட்டிருந்தான். அப்படியும் அவள் பேசவில்லை. எதையாவது சொல்ல வாயெடுத்தால், இது எங்கே போய்ச் சேருமோ என்று தோன்றிவிடுகிறது என்றாள். சொந்த வீட்டில் ஒரு பெண்ணுக்கு இப்படி ஒரு பயம் வருமா என்று எனக்கும் திக்கென்றது.

கம்பெனி வழக்குப் போடவில்லை. உறுதிமொழிப் பத்திரம் ஒன்றில் கையெழுத்து வாங்கிக்கொண்டது. ஆனால் ஹரிஷின் கணக்கை நிரந்தரமாக மூடிவிட்டது. வருஷக்கணக்காக அவன் விலைக்கு வாங்கி வைத்திருந்த அத்தனை விளையாட்டும் அந்தக் கணக்கோடு போயின. அவற்றையும் அவன் வாங்கவில்லை, விளையாட அனுமதிதான் வாங்கியிருந்தான் என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. பேயறைந்தவன் மாதிரி வந்து எங்கள் வீட்டு வாசலில் நின்று அதைச் சொன்னான்.

வித்யாவின் அலுவலகத்திலிருந்தும் கூப்பிட்டார்கள். உறவை மறைக்காமல் சொன்னது சரி என்று பாராட்டினார்கள். அந்த ஒரு ஃபோனுக்காக வேலையை விட்டு நிறுத்தினார்கள். இரண்டும் ஒரே கூட்டத்தில், ஒரே மேசையில். அவளும் வாதாடவில்லை. "நான் அவங்க எடத்துல இருந்தாலும் இதத்தான் பண்ணியிருப்பேன்," என்றாள் என்னிடம். வெளியே வந்தபோது மமதாவின் கண் கலங்கியிருந்ததாம். தினேஷ் லிஃப்ட் வரை வந்து, தலையைக் குனிந்துகொண்டு, "அக்கா, அன்னைக்கி சிரிச்சதுக்கு சாரிக்கா," என்றானாம். அவனுக்கு விஷயம் தெரிந்திருந்தது. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தோம். முடியவில்லை. மேஸ்திரியின் பக்கம் போன பிறகும் மாட் போகவில்லை. முன்பே இறக்கி வைத்திருந்தவர்கள் வேறு வேறு தளங்களில் அதை ஏற்றினார்கள். ஒருவன் ஜன்னல் பெண்ணின் பேச்சை மட்டும் வெட்டியெடுத்து, ஆடுகிற ஒரு பூனை வீடியோவுக்குப் பின்னால் ஒட்டிப் பரப்பினான். அது பரவிய வேகத்தைப் பார்த்து வித்யா உறைந்து போனாள். என் தங்கச்சி ஓசூரிலிருந்து எனக்கே அனுப்பினாள், "செம காமெடி பாருக்கா," என்று. குழந்தை தூங்குகிறது என்ற அந்த வாக்கியம்தான். என் குழந்தை. நான் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அந்த வாரம்தான் வித்யா மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். வேலையில் எப்படிச் செய்வாளோ அப்படியே, ஒவ்வொரு பிரதியாகத் தேடினாள், பதிவு செய்தாள், தளத்துக்காரர்களுக்கு எழுதினாள். புகார் செய்பவர் என்ற இடத்தில் இத்தனை நாளும் ஏதோ ஒரு கம்பெனியின் பெயர் எழுதியவள் இப்போது தன் பெயரை எழுதினாள். கம்பெனி எழுதினால் அன்றைக்கே எடுக்கிறவர்கள் இவள் எழுதினால் பதிலே போடவில்லை. நீங்கள்தான் அந்தக் குரல் என்பதற்கு என்ன ஆதாரம் என்று ஒருவன் கேட்டான். அவள் அந்தச் சிரிப்பைச் சிரித்துப் பதிவு செய்தா அனுப்புவாள்? ரக்ஷா தன் பெயரில் எழுதிய பிறகு சிலவற்றை எடுத்தார்கள். சிலவற்றை எடுக்கவில்லை. இன்றைக்கும் தேடினால் எங்காவது கிடைக்கும்.

ஹரிஷும் பக்கத்தில் உட்கார்ந்து தேடினான். அப்படித் தேடிக்கொண்டிருந்தபோதுதான் இருவரும் மறுபடி பேசத் தொடங்கினார்கள். முதலில் இணைய முகவரிகளைப் பற்றி மட்டும்.

போன மாதம் அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. மறுபடி ஏதோ வழக்கு என்று ஹரிஷ் எழுந்துவிட்டான். வித்யாதான் திறந்து படித்தாள். படித்து முடித்து, மறுபடி படித்து, என்னைக் கீழேயிருந்து கூப்பிட்டாள். நான் போனபோது இருவரும் திரையையே வெறித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து வரப்போகிற விளையாட்டில் ஒரு தென்னிந்தியத் தெரு வைக்கப் போகிறார்களாம். அதற்கு நம்ம ஸ்ரீராம்புரத்தை எடுத்துக்கொள்ளப் போகிறார்கள். நிபந்தனைப்படி அந்த உரிமை தங்களுக்கு இருப்பதால் இது வெறும் தகவல்தான் என்று ஹரிஷுக்கு ஒரு வரி. அதற்குக் கீழே நீளமாக, மரியாதையாக இன்னொரு பத்தி. ஜன்னலில் பேசும் பெண் யார் என்று தங்களுக்குத் தெரியவில்லை என்றும், அவர் நிபந்தனை எதற்கும் சம்மதிக்காத மூன்றாம் ஆள் என்பதால் அவருடைய எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் அந்தக் குரலைத் தொட முடியாது என்றும், அவரை அணுக உதவ முடியுமா என்றும் கேட்டிருந்தார்கள்.

"என்னக் கேக்கறாங்க," என்றாள் வித்யா. நம்பவே முடியாத குரலில். "எங்கயோ இருக்கறவன் என்னக் கேக்கறான்."

ஹரிஷ் கட்டிய தெருவைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் அவன் மனைவியிடம் கைகட்டி நிற்கிறார்கள். எது அவனுக்கு அதிகம் வலித்தது என்று முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நாற்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டு, "உன்னிஷ்டம் வித்யா. இத நான் சொல்லக் கூடாது," என்றான்.

நான் கொடுத்துவிடு என்றேன். எப்படியும் ஊரெல்லாம் பரவிவிட்டது, ஒழுங்காக ஒரு இடத்தில் பெயரோடு இருக்கட்டுமே என்று எனக்குத் தோன்றியது. அவள் மறுத்துத் தலையசைத்தாள்.

"இல்லக்கா. அது நான் இவருக்குச் சொன்னது."

உட்கார்ந்து பதில் அடித்தாள். நான்தான் அந்தப் பெண், அனுமதி இல்லை, இப்படிக்கு வித்யாலட்சுமி. அவ்வளவுதான். அனுப்பிவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, ஹரிஷைப் பார்த்து, ஹெண்ணூரில் யாரோ காத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னீர்களே, சமையலறை அளக்கப் போகவில்லையா என்று கேட்டாள். அவன் டேப்பையும் ஹெல்மெட்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பினான். அவளுக்கும் அன்று ஒரு இடத்தில் வேலைக்கு நேர்காணல் இருந்தது. வழியில் இறக்கிவிடுகிறேன் என்றான். சரி என்று பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.